அரசியின் குரல்

ஹெட்போனில் தன் குரலே கேட்டதை முதலில் எதிரொலி என்றுதான் நினைத்தாள். ஆனால் நாலு சுவரிலும் தடித்த பஞ்சு ஒட்டிய, ஒரு ஆள் மட்டும் நிற்கக்கூடிய அந்தக் குரல் அறையில் எதிரொலிக்கு வழியே இல்லை. கதவைச் சாத்தினால் சொந்த நெஞ்சு அடித்துக்கொள்வதுகூடக் கேட்கிற இடம் அது.

அவள் டப்பிங் கலைஞர். பழைய எகிப்தைக் கண்முன் நிறுத்தும் ஒரு வீடியோ கேமுக்காக, ஃபாரோ மன்னராக ஆண்ட ஒரு பெண்ணுக்குத் தமிழில் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். விளையாடுகிறவன், துணி சுற்றிப் பதப்படுத்திய உடல் கிடக்கும் கல்லறைக்குள் நுழைந்ததும் இருட்டுக்குள்ளிருந்து அந்த அரசி பேச வேண்டும்.

"பிரமாதம்க்கா! எனக்கே புல்லரிச்சிடுச்சு," என்றான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சவுண்ட் என்ஜினியர். "அடுத்த வரிக்குப் போயிடலாம்."

இந்த வரிக்கு அவள் இன்னும் வாயே திறக்கவில்லை.

"விளையாடாத தம்பி. இன்னிக்கு ஸ்கூல்லேர்ந்து பொண்ணை நான்தான் கூட்டிட்டு வரணும். ஒழுங்கா ரெக்கார்ட் பண்ணு."

அவன் நிமிரவில்லை. ஹெட்போனில், அவளுடைய அதே லேசான கரகரப்போடு, ஒரு குரல் கேட்டது.

"என்னைத் திறந்துவிடு."

எழுதிக் கொடுத்த வசனம்தான். ஆனால் கட்டளையாகச் சொல்ல வேண்டியதை அது கெஞ்சிச் சொன்னது, தொண்டை வறண்டு, நெடுங்காலம் கெஞ்சிப் பழகியதைப் போல. ஏசி நின்றிருந்தது. பிசினும் மக்கிய துணியும் கலந்த ஒரு வாடை காலடியிலிருந்து மெல்ல ஏறி, மூக்கில், நாக்கில், தொண்டைக்குள் படிந்தது.

கதவுப் பிடியைத் திருப்பினாள். அசையவில்லை. கண்ணாடியைக் குத்தினாள். அவன் தன் திரையைப் பார்த்தபடி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். கத்தினாள். தொண்டை நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை.

"முடிஞ்சதாப்பா?" என்றது அவள் குரல். கெஞ்சல் போயிருந்தது. "அப்ப நான் கிளம்பறேன். பொண்ணு வாசல்லயே நிப்பா."

"சரிக்கா. பாத்துப் போங்க."

அவனுக்குப் பின்னாலிருந்த சோபாவிலிருந்து ஒருத்தி எழுந்தாள். அவளுடைய நீலச் சுடிதார். அவளுடைய கைப்பை. அவளுடைய முகம். வெளிக்கதவைத் திறந்ததும் மத்தியான வெயில் பட, அந்த முகம் கண்ணைச் சுருக்கிக்கொண்டது. கூச்சம் தீரும்வரை நின்றது. பிறகு வெயிலுக்குள் இறங்கிப் போனது.

'பாப்பா, அவகூடப் போகாதே!'

உதடு மட்டும் அசைந்தது.

என்ஜினியர் விளக்கை அணைத்தான். போய்விட்டான்.

இருட்டு.

கண்ணாடியைத் தடவினாள். கண்ணாடி இல்லை. சொரசொரப்பு. குளிர்ச்சி. கல். இடப்பக்கம் கல். வலப்பக்கம் கல். தலைக்கு மேலேயும்.

அப்போது கணுக்காலில் ஏதோ பட்டது.

ஈரத்துணி. ஒரு சுற்று. சுருக்கம் விழாமல் இழுத்து, நீவிவிட்டு, இன்னொரு சுற்று. அவசரமே இல்லாத விரல்கள். குழந்தைக்கு உடுத்திவிடுவது போல, அத்தனை பதமாக, முழங்காலை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன.