டேங்குக்குள் நத்தை

டிரிங்... டிரிங்...

மெக்கானிக் டெனிவா கிரீஸ் கையைத் துடைத்துவிட்டு செல்போனை எடுத்தான்.

"பிணவறையிலேர்ந்து பேசறேன். ஆம்பளை பாடி ஒண்ணு வந்திருக்கு. உன் மூஞ்சியைக் கொண்டுவந்து காட்டிட்டுப் போ."

போனான்.

அதுதான் வழக்கம். அவனும், போன மழைக்காலத்தில் காணாமல் போன பைக் டாக்ஸிக்கார அண்ணன் வைஸ்வாவும் இரட்டையர்கள். அவர்கள் ஊரான ஜிஞ்சாவில் எந்த அநாதைப் பிணம் வந்தாலும் இவனைப் பக்கத்தில் நிறுத்தி முகத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பாவம், எதிரிக்கும் வரக்கூடாத வேலை.

"இல்லைப்பா. மூக்கு வேற. அம்மாகிட்ட இல்லைன்னு சொல்லிடு."

இல்லை என்றால் அம்மா சந்தோஷப்படுவதா, அழுவதா? இரட்டைப் பிள்ளை பெற்றவள் என்று அவளை ஊரே மரியாதையாக நாலோங்கோ என்று கூப்பிடும். இப்போது அதே ஊர், வாடகை பைக்கோடு எல்லை தாண்டி ஜூபாவுக்கு ஓடிப்போன திருடனின் அம்மா என்கிறது.

ஷெட்டுக்குத் திரும்பினால், பைக் டாக்ஸி ஸ்டாண்டின் சேர்மன் இசபிரியே காத்திருந்தார். மடியில் ஒரு பெட்ரோல் டேங்க். புது நீலப் பெயிண்ட். புது மூடி.

"உள்ளே துரு பிடிச்சிருக்கு தம்பி. சுத்தம் பண்ணிக் குடு."

கூலி பற்றிப் பேச்சே இல்லை. சேர்மன் டெனிவாவுக்கு என்றைக்கும் காசு கொடுத்ததில்லை. வேறு ஷெட்டுக்குப் போனால் கொடுத்துத் தொலைக்க வேண்டுமே!

டெனிவா மூடியைத் திறந்து டார்ச் அடித்தான்.

டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனான்.

டேங்கின் அடியில் பித்தளை உருகி வழிந்து, நண்டுக் கால் மாதிரி கோணலாக உறைந்திருந்தது.

"சேர்மன்... இது என் அண்ணன் வண்டி டேங்க். இந்த ஓட்டையை அடைச்சதே நான்தான்."

இசபிரியே டேங்க் மூடியை டக்கென்று மூடினார். அப்புறம் அவன் தோளில் கை போட்டார்.

"கண்டுபிடிச்சுட்டியா? மறைக்கணும்னுதான் நினைச்சேன். போன மாசம் ஜூபாவுல அவனைப் பாத்தேன்டா. வண்டியைப் பிரிச்சு வித்துட்டிருந்தான். டேங்கை நான் வாங்கினேன்."

"உயிரோட இருக்கானா?"

"கறியும் சோறுமா தின்னு கன்னம் உப்பிக் கிடக்கான். நாலோங்கோகிட்ட சொல்லிடாத. பெத்த பிள்ளை திருடன்தான்னு உறுதியாத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சுடுவாங்க."

டெனிவா அழுதான். திருடனாகவே இருந்துவிட்டுப் போகட்டும்... மூச்சு விடுகிறானே, அது போதும்!

சேர்மன் போனதும் வேலையில் இறங்கினான். பழைய செயினை டேங்குக்குள் போட்டு, வினிகர் ஊற்றிக் குலுக்கினால் துரு கழன்றுவிடும். சந்தோஷத்தில் வினிகர் கேனை முதலிலேயே தூக்கிவிட்டான். பழகிய கை தடுத்தது. உதிர்ந்து கிடப்பதை முதலில் கொட்ட வேண்டும்.

சாக்கை விரித்து, டேங்கைக் கவிழ்த்துத் தட்டினான்.

சிவப்புப் பொடி உதிர்ந்தது. அப்புறம் கறுப்புச் சேறு. அப்புறம்...

நத்தை ஓடுகள். பொடிப்பொடியாக, ஏரி நத்தைகள்.

பெட்ரோலில் நத்தை குடியிருக்குமா? இந்த டேங்க் மாதக்கணக்கில் ஏரித் தண்ணீருக்கு அடியில் கிடந்திருக்கிறது! வினிகரை முதலில் ஊற்றியிருந்தால் ஓடெல்லாம் கரைந்தே போயிருக்கும்.

அரை மணி நேரம் உயிரோடு இருந்த அண்ணன் மறுபடி செத்துப்போனான்.

டெனிவா சாக்கைச் சுருட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டர் ககோயாவிடம் ஓடினான். அந்தம்மா ஓடுகளைக் கிளறிப் பார்த்தார்.

"நத்தையைக் காட்டி ஆளைத் தூக்க முடியாதுப்பா. ஏரியில கிடந்துச்சு, எடுத்தேன்னு சொல்லிட்டுப் போயிடுவார். பாடி வேணும்."

"பாடி எங்கேன்னு அவருக்குத்தானே தெரியும் மேடம்? அவரையே காட்ட வச்சா?"

மறுநாள் காலை டெனிவா போன் போட்டான்.

"சேர்மன், வைஸ்வா வந்துட்டான். வீட்ல உக்காந்து சக்கரவள்ளிக்கிழங்கு தின்னுட்டிருக்கான். உங்களைத்தான் கேக்கறான், வாங்க."



"யா... யாரு வந்திருக்கா?"

"வைஸ்வா. நீங்கதான் போன மாசம் பாத்தீங்களே."

லைன் கட்!

உயிரோடு பார்த்தவர் என்றால் நேரே வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். இசபிரியே அந்தப் பக்கமே வரவில்லை. பைக்கை முறுக்கிக்கொண்டு மசேசே ஏரிக்கரைக்குப் பறந்தார். நாணலுக்கு நடுவே இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார். குனிந்து, கல் கட்டிய சாக்கு மூட்டை ஒன்றை இழுத்துப் பார்த்தார்.

இருந்தது. பெருமூச்சு விட்டார்.

"பத்திரமா இருக்கானா சேர்மன்?"

பின்னால் ககோயாவின் குரல். வீட்டிலிருந்தே அவரைப் பின்தொடர்ந்த கான்ஸ்டபிள்கள் நாணலை விலக்கிக்கொண்டு வந்தார்கள்.

கையில் விலங்கு ஏறியதும் அவரே கொட்டிவிட்டார்.

"ஸ்டாண்டு எலெக்‌ஷன்ல எனக்கு எதிரா நின்னான் மேடம். வாய்ச்சண்டை முத்திப்போய் மண்டையில அடிச்சுட்டேன். வண்டியையும் ஏரியில தள்ளினேன். தண்ணி வத்தினதும் ஹேண்டில் வெளிய தெரிஞ்சுது. எடுத்துப் பிரிச்சேன். டேங்க் நல்லா இருந்துச்சா... தூக்கிப் போட மனசு வரலை."

டெனிவாவையும் அம்மாவையும் வரவழைத்து மூட்டையைப் பிரித்தார்கள். இந்த முறை டெனிவாவின் முகத்தை யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஒப்பிட அங்கே முகம் மிச்சமில்லை. டயர் ரப்பரில் டெனிவா அண்ணனுக்கு வெட்டிக் கொடுத்த பெல்ட் மட்டும் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான்.

நாலோங்கோ சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என் பிள்ளை ஓடிப்போகலைடா... இங்கேயேதான் இருந்திருக்கான்."

ஜீப்பில் ஏறப்போன சேர்மன் திரும்பினார்.

"உன்னை நம்பித்தானே தம்பி டேங்கைக் குடுத்தேன்?"

டெனிவா கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"வேலை முடிஞ்சுது சேர்மன். கூலி வேணாம்... உங்களுக்கு என்னைக்குமே ஓசிதானே!"