ராசையாவின் பெயரில்

தானாக எழுகிறதா என்று சோதித்துப் பார்க்கத்தான், ஓடிக்கொண்டிருந்த அந்தப் புரோகிராமை மாயா நடுவில் கொன்றாள். திரையில் அதன் பெயர் மறைந்த அதே நொடியில் வெளியே எங்கோ கனத்த இரும்பு ஒன்று விழுந்தது. நாற்காலியின் கால்கள்கூட அதிர்ந்தன. எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய கண்டெய்னர் யார்டில் அந்தச் சத்தம் புதிதல்ல. ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை. மழைக்காகக் கிரேன்களைக் காலையிலேயே நிறுத்திவிட்டிருந்தார்கள்.

யார்டின் கேட்டுகளையும் ஆபீஸின் கதவுகளையும் திறந்து மூடுவது அந்த ஒரு புரோகிராம்தான். அதைத் தினமும் காலையில் வந்து கையால் ஓடவிட்டவர் ராசையா. நாசரேத்துக்காரர். ரப்பர் செருப்பை இழுத்து இழுத்து நடந்துவந்து, மாயாவை ‘ஏ பிள்ள’ என்று கூப்பிட்டுப் பாதி வடையைப் பிய்த்து நீட்டுவார். போன மாதம் கிரேனிலிருந்து நழுவிய கண்டெய்னர் அவர்மேல் விழுந்தது. அதன்பிறகு காலை வேளைகளில் கேட் திறக்க ஆளில்லாமல் லாரிகள் தேரடிவரை நின்றன. இனி ஆளே வேண்டாம், சர்வர் கண் விழிக்கும்போது அதுவும் தானாக ஓடட்டும், நின்றுபோனால் தானாக எழட்டும், சர்வீஸாக மாற்றிவிடு என்று மேனேஜர் மாயாவிடம் சொல்லியிருந்தார்.

அந்த வேலையில் மாயா உட்கார்ந்ததும், யார் பெயரில் ஓட வேண்டும் என்று சர்வர் கேட்டது. முழு அனுமதி ராசையாவின் பெயருக்கு மட்டுமே இருந்தது. அதை இன்னும் யாரும் நீக்கவில்லை. பாஸ்வேர்டு அவர் மகள் ஷெர்லினின் பெயர் என்பது ஆபீஸுக்கே தெரியும். அவர் பெயரையே கொடுத்தாள். விழுந்தால் மறுபடி எழுப்பு என்ற இடத்திலும் டிக் அடித்தாள்.

இப்போது, அவள் சொல்லிவைத்தபடியே, புரோகிராம் எழுந்தது.

ஏசியின் இரைச்சலுக்கும் ஜன்னலே இல்லாத அந்த மாடி சர்வர் அறையின் சூடான பிளாஸ்டிக் வாசனைக்கும் அப்பால், மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்த ஓசைக்கும் அடியில், கீழ்ப்படியிலிருந்து ஈரச் செருப்பு ஒன்று இழுபட்டு ஏறி வந்தது. வராந்தாவைக் கடந்து அவள் கதவுக்கு வெளியே நின்றது. யாரும் தட்டவில்லை.

மாயா வாட்ச்மேன் அத்தாவுல்லாவுக்குப் போன் செய்தாள். மாடிக்கு யாரை அனுப்பினீர்கள் என்று கேட்டாள்.

“யாரையும் வுடலியேம்மா. ஷட்டர சாத்திட்டு நான் இங்கதான் குந்தினு கீறேன்.”

“யாரோ நிக்கிறாங்க பாய். செருப்புச் சத்தம் கேக்குது.”

அவர் பார்க்கிறேன் என்றார். கதவின் கைப்பிடி மெதுவாகக் கீழே இறங்கியது. புரோகிராம் ஓடும்வரை கதவு திறக்கும், நின்றால் பூட்டிக்கொள்ளும். யோசிக்க நேரமில்லை. மறுபடி கொன்றாள். பூட்டு விழுந்தது. தரை அதிர்ந்தது. இம்முறை அந்த இரும்புக்கு அடியில் இன்னொரு சத்தமும் இருந்தது. நெஞ்சிலிருக்கும் மூச்சு மொத்தமும் ஒரேயடியாக வெளியேறும் சத்தம்.

போய்விட்டது என்று நினைத்தாள்.

புரோகிராம் எழுந்தது. படியில் செருப்பு. வராந்தாவில் செருப்பு. ஆனால் இந்தமுறை கதவுவரை வரவில்லை. ஓரடி தள்ளியே நின்றுவிட்டது.

அந்த டிக்கை எடுத்துவிடப் பார்த்தாள். உனக்கு அனுமதி இல்லை என்றது திரை. காலையிலிருந்து அவள் வேலை பார்த்த அதே திரை. சர்வரின் ஒயரைப் பிடுங்கலாமென்றால் அது கம்பிக் கூண்டுக்குள் இருந்தது, சாவி மேனேஜரிடம். கைப்பிடி மறுபடி இறங்கியது. கொன்றாள். எழுந்தது. கொன்றாள். எழுந்தது. ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தம். ஒவ்வொரு முறையும் செருப்பு இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றது.

போன் அடித்தது. அத்தாவுல்லா. குரல் கிசுகிசுப்பாக வந்தது.

“கதவத் தொறக்காதம்மா.”

“எங்க இருக்கீங்க பாய்?”

“படில. எத்தினி பேரும்மா இது. எல்லாம் ஒரே மூஞ்சி...”

பிறகு துணி உரசும் சத்தம் மட்டும். நிறையத் துணி.

கதவின் கண்ணாடிச் சதுரத்தில் ஒட்டியிருந்த காலண்டர் தாளை மாயா கிழித்தாள்.

வராந்தா நிறைய ராசையா. முன்னால் நின்றவரின் நெஞ்சு உள்ளே போயிருந்தது. அவருக்குப் பின்னால் அவரே. அதற்கும் பின்னால் அவரே. ஒருவர் தோளில் ஒருவர் தாடையை வைத்து, காற்றுப் போக இடமில்லாமல், படி திரும்பும் இடம்வரை. அந்த நெரிசலின் நடுவில், கால் தரையில் படாமல், போன் இன்னும் காதோடு ஒட்டியிருக்க, அத்தாவுல்லா. அவர் கண்கள் திறந்திருந்தன.

தரை அதிர்ந்தது.

இந்தமுறை மாயா எதையும் தொடவில்லை, புரோகிராம் தானாகவே விழுந்தது.

இன்னொருவர் படியேறி வந்து வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டார். மொத்தக் கூட்டமும் ஓரடி முன்னால் நகர்ந்தது. முன்னால் நின்றவரின் கன்னம் கண்ணாடியில் அழுந்தி, தட்டையாகி, வெளுத்தது.