தழும்பு வரிசை

மாதத்தின் முதல் திங்கள்கிழமை, உப்பளக் குடியிருப்பில் வீட்டுக்கு ஒருவர் கையில் குப்பியோடு வரிசையில் நிற்பார்கள். குப்பியில் அவரவர் வீட்டு மூச்சுத்தொட்டியின் தண்ணீர்.

வெளிக்காற்று ஆகாது என்று தூத்துக்குடியில் சன்னல்களை அடைத்து முப்பது வருடம் ஆயிற்று. வீட்டார் விடும் மூச்சைத் தொட்டியிலிருக்கும் நீலப்பச்சைப் பாசி தின்னும். அது விடுவதை வீட்டார் இழுப்பார்கள். புருஷன் பெண்டாட்டிக்குள்கூட அவ்வளவு கொடுக்கல் வாங்கல் கிடையாது.

அந்தப் பாசியின் மரபணுவை வாசிப்பியில் போட்டுப் படித்து, வைரஸ் சுமந்துவரும் நஞ்சுத் துண்டு அதில் ஏறவில்லையென்றால் 'நலம்' என்று முத்திரை குத்துவது அமலோற்பவத்தின் வேலை. அவளுக்கு ருசி வேறிடத்தில். பாசியைத் தாக்கிய ஒவ்வொரு வைரஸும் அதன் மரபணுவில் ஒரு தழும்பு விட்டுப்போகும். வந்த வரிசையிலேயே தழும்புகள் நிற்கும். இரண்டு வீட்டுக்கு ஒரே வரிசை அமையாது. எட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு ஓரகத்திகளின் குப்பியில் ஒரே வரிசை தெரிந்தால், யார் யார் வீட்டுத் தண்ணீரை ஊற்றி ஒப்பேற்றினார்கள் என்று திரையே சொல்லிவிடும். அவள் யாரிடமும் சொல்லமாட்டாள். சிரித்துக்கொள்வாள்.

ஒப்பேற்றாதவர் யார்? 'நலமில்லை' என்று வந்தால் தொட்டியில் ப்ளீச் ஊற்றுவார்கள். புதுப் பாசி வளரும்வரை மூன்று வாரம் பொதுக்கூடத்தில் நூறு பேர் குறட்டைக்கு நடுவில் படுக்க வேண்டும். அதனால் தொட்டி கொஞ்சம் நிறம் மாறினால், குப்பியில் ஊற்றிக் கொடுக்கப் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டித் தண்ணீர் கேட்பது ஊர் வழக்கம்.

இந்த மாதம் பதினேழாம் எண் குப்பியைப் படித்தபோது அமலோற்பவத்துக்குச் சிரிப்பு வரவில்லை. எதிர்வீட்டுச் சேசம்மாளின் குப்பி அது. திரையில் நின்ற வரிசை, இரண்டு வருடத்துக்கு முன் சேசம்மாளின் மகள் பெனிட்டா காய்ச்சலில் இறந்தபோது, சாவு வீட்டு வழக்கப்படி படித்துப் பார்க்காமலே ப்ளீச் ஊற்றி அழித்த தொட்டியுடையது. செத்த தொட்டி. அதற்கப்புறமும் ஆறு புதுத் தழும்புகள் ஏறியிருந்தன.

வரிசையின் நடுவே நஞ்சுத் துண்டும் இருந்தது.

அவள் முத்திரையை மேசையிலேயே வைத்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.

"வாங்கக்கா. வருவியன்னு தெரியும்" என்றாள் சேசம்மாள். கூடத்தில் அரசாங்கம் கொடுத்த தொட்டி பளபளவென்று நின்றது. அதைத் தாண்டி உள்ளறைக்குக் கூட்டிப்போனாள். சிறுபிள்ளைக் கட்டிலின் தலைமாட்டில் ஒரு கண்ணாடி ஜாடி, கரும்பச்சையாக.

"ப்ளீச் ஊத்த வாரதுக்கு முந்தி ஒரு கரண்டி எடுத்து வச்சேன். அவ விட்ட மூச்சைத் தின்னு வளந்ததுல்லா."

"ஏளா, உனக்குக் கிறுக்கா? இது நஞ்சு. மூடு முதல்ல."

"அப்ப இதுதான் அவளைக் கொன்னுச்சா? டாக்டர் காய்ச்சல்னுதான் சொன்னாரு." சேசம்மாள் கட்டிலில் உட்கார்ந்தாள். "அதைக் கேக்கத்தான் இந்த மாசம் இதையே குப்பியில ஊத்திக் குடுத்தேன். எப்ப ஏறுச்சுக்கா?"

அமலோற்பவம் ஜாடியைப் பார்த்தாள். பதில் அவளுக்குத் தெரியும். நஞ்சைச் சுமந்து வந்த வைரஸின் தழும்பு, பெனிட்டா இறந்த வருடம் மாசியில் குடியிருப்பு முழுக்கப் பரவிய வைரஸின் தழும்புக்கும் முந்தையது. பெனிட்டா தேவாலயத்தில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை விழா சித்திரையில். வீடு நிறைய விருந்தாளிகள் வரும் நேரத்தில் பொதுக்கூடத்துக்குப் போகமுடியாது என்று, அதற்கு முந்தின பங்குனியில் சேசம்மாள் குப்பிக்கு ஒரு கரண்டி கேட்டாள். அமலோற்பவம்தான் தன் தொட்டியிலிருந்து கோரிக்கொடுத்தாள். மறுநாள் தன் வீட்டுத் தண்ணீரையே பதினேழாம் எண்ணில் படித்து, 'நலம்' குத்தினாள். அன்றும் சிரித்துக்கொண்டாள்.

"அவ போனதுக்கு அப்புறமா ஏறியிருக்கும்" என்று சொல்லிவிடலாம். படிக்கத் தெரிந்தவள் குடியிருப்பில் அவள் ஒருத்திதான்.

"மாசி முடியுறதுக்கு முந்தி" என்றாள்.

சேசம்மாள் விரல்விட்டு எண்ணினாள். பங்குனியில் கை நின்றது.

"அப்ப நான் உங்ககிட்ட வந்து கேட்டப்ப..."

"இருந்துச்சு."

"நீங்க குடுத்தப்பவும்."

"ஆமா."

அழுகையோ வசவோ வரும் என்று அமலோற்பவம் காத்திருந்தாள். இரண்டில் எது வந்திருந்தாலும் வெளியே போய்ப் புகார் எழுதியிருக்கலாம். சேசம்மாள் எழுந்து அறைக்கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து கட்டிலில் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

"இருங்கக்கா. ஒத்தைக்கு எவ்வளவு நாள்தான் நானே இருக்க?"

அமலோற்பவம் உட்கார்ந்தாள். ஜாடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் ஏறி, ஓசையில்லாமல் உடைந்தன. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள், பிடிக்க முடிந்தவரைக்கும்.