தீர்ப்பு நாளில் நின்ற ஏசி

"ஐயோ...!"

நீதிபதியின் அறையிலிருந்து ஸ்டெனோவின் அலறல்!

நாற்காலியில் சரிந்து கிடந்தார் நீதிபதி. பின்மண்டையில் ரத்தம். தரையில் பித்தளை பேப்பர்வெயிட்.

உள்ளே நுழைந்த பெண் இன்ஸ்பெக்டர் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னம்மா, அடுப்புக்குள்ள வந்த மாதிரி இருக்கு?"

"ஏசி நின்னிருக்கு மேடம். ஐயா ஒருநாளும் நிறுத்தமாட்டார். நானும் தொடல."

"இன்னைக்கு என்ன கேஸ்?"

"அனல் மின் நிலையம். அந்தப் புகையால பூமி சூடாகுது, கடல் வீட்டுக்குள்ள வருதுன்னு மீனவங்க போட்டது. இன்னைக்குத் தீர்ப்பு."

"இனி?"

"வாசிக்காத தீர்ப்பு செல்லாது மேடம். புது ஜட்ஜ் முதல்லேர்ந்து கேக்கணும்."

ஜன்னலுக்கு வெளியே, கடலிடம் வீட்டைக் கொடுத்துவிட்டு நீதிமன்றத்திடம் வாய்தா வாங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் வெயிலில் நின்றன.

"காலையில யார் வந்தாங்க?"

"ரெண்டு வக்கீலும்... தனித்தனியா. நான் என் ரூம்ல டைப் பண்ணிட்டிருந்தேன்."

பக்கத்து அறையில் இரண்டு வக்கீல்களும் காத்திருந்தார்கள். குளுகுளு ஏசி.

கம்பெனி வக்கீல் காலாட்டினார். "நான் ஏன் கொல்லணும்? வாய்தாவே எனக்குப் போதுமே!"

மீனவர் தரப்பு வக்கீல் சீறினார். ஊரில் அவருக்குப் பெயர் 'பூமி வக்கீல்'. மாநாடு மாநாடாக விமானத்தில் பறந்து போய்ப் புகையைக் கண்டிப்பவர்!

"இவன்தான் கொலைகாரன்! பூமியே சாட்சி!"

"பூமிக்கு சம்மன் அனுப்ப முடியாது சார். சரி, வாங்க... ஸ்டேஷனுக்குப் போய்ப் பேசலாம்."

கம்பெனி வக்கீல் திரும்பிப் பார்க்காமல் வெளியேறினார். பூமி வக்கீல் கடைசியாக வந்தார். வாசலில் அவர் கை தானாக ஸ்விட்ச் பக்கம் நீண்டது...

டக்!

ஏசி நின்றது.

"எந்த ரூமை விட்டுக் கிளம்பினாலும் இப்படித்தானா சார்? கொலை பண்ணிட்டுக் கிளம்பினாலுமா?"

பூமி வக்கீல் ஸ்விட்சிலிருந்து கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"அந்த ஜட்ஜ்... மனுவைத் தள்ளுபடி பண்ண இருந்தான்! நேத்து டிக்டேட் பண்ணினதைக் கதவோரமா நின்னு கேட்டேன்! வேற ஜட்ஜ் வரட்டும்னு... பூமிக்காகத்தான் செஞ்சேன்!"

பின்னாலேயே வந்திருந்த ஸ்டெனோ விம்மினாள்.

"சார்... காலையில வந்ததுமே ஐயா அதைக் கிழிச்சுட்டார். நிலையத்தை மூடச் சொல்லிப் புதுசா டிக்டேட் பண்ணினார். அதைத்தான் டைப் பண்ணி எடுத்துட்டு வந்தேன்!"



தூரத்தில் புகைபோக்கி நிம்மதியாகப் புகைந்துகொண்டிருந்தது.

வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த கம்பெனி வக்கீல் ஓடி வந்து பூமி வக்கீலின் கையைக் குலுக்கினார். "என் சர்வீஸ்ல இப்படியொரு உதவியை யாரும் செஞ்சதில்ல பிரதர்!"

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தாள்.

"கிளம்புங்க சார். எங்க லாக்கப்ல ஏசி என்ன, ஃபேன்கூட கிடையாது... பூமி ரொம்ப சந்தோஷப்படும்!"