வாசலில் ஒருவர் நிற்கிறார்

துடியலூரில் அந்த மாடி வீட்டுக்குக் குடிவந்த நாளில் பிரவீனாவிடம் இருந்தவை இரண்டு பெட்டிகள், ஒரு லேப்டாப், ஒரு குக்கர், அப்புறம் இருபத்தைந்து வருடமாக அவிநாசியில் அடக்கி வைத்திருந்த ஒரு பெருமூச்சு. பூட்டைத் திறந்து உள்ளே போய் அந்தப் பெருமூச்சை விட்டாள் பாருங்கள், மேட்டுப்பாளையம் ரோட்டில் போய்க்கொண்டிருந்த பஸ்ஸின் கண்ணாடிகள் எல்லாம் கடகடவென்று ஆடிப்போயின.

பழைய வீடு. கீழே யாரோ மோட்டார் உதிரிகளைப் போட்டுப் பூட்டி வைத்திருந்த குடோன். வெளிப்பக்கமாக ஏறும் இருபத்தோரு படிகள். மேலே ஒரு கூடம், ஒரு படுக்கையறை, அகலம் குறைந்த ஒரு சமையலறை. சுவரில் கைவைத்தால் சித்திரை வெயிலிலும் சில்லென்றிருந்தது. ஈர மண் வாசனை ஒன்று மூலைக்கு மூலை நின்றது. அதெல்லாம் பிரவீனாவின் கண்ணிலும் மூக்கிலும் படவே இல்லை. தனி வீடு, தனிச் சாவி. அது போதாதா?

அந்தச் சாவி சும்மா கிடைத்துவிடவில்லை. பத்து நாள் பேச்சுவார்த்தை. ஐ.நா. சபையில்கூட அத்தனை சுற்று நடந்திருக்காது. கடைசியில் அப்பா தம்பிதுரை ஒரே ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். வாசலில் கேமரா வைத்த காலிங் பெல் மாட்ட வேண்டும். அதன் ஆப், அம்மா சாந்தாமணியின் போனிலும் இருக்க வேண்டும்.

"ஒரு நாள், ஒரே ஒரு நாள் அங்க ஏதோ கோளாறுன்னு தெரிஞ்சுது, அன்னிக்கே காரெடுத்துட்டு வந்து உன்னக் கூட்டீட்டுப் போயிருவேன். பெருந்துறை மாப்பள ஊட்டுல இன்னும் காத்துட்டுத்தான் இருக்கறாங்க" என்றார்.

ஆக, கோளாறு என்று ஒன்று இருக்கவே கூடாது. இருந்தாலும் தெரியக் கூடாது.

உக்கடத்தில் கேமரா கடை வைத்திருக்கும் ஷாநவாஸ் வந்து பெல்லை மாட்டினான். அம்மாவுக்குப் புரியட்டும் என்று எல்லாவற்றையும் தமிழில் மாற்றிக் கொடுத்தான். வாசலில் ஆள் வந்தால் இரண்டு போன்களும் ஒரே நேரத்தில் 'டிங்' என்று சொல்லி, 'வாசலில் ஒருவர் நிற்கிறார்' என்று எழுதிக் காட்டும்.

காட்டியது. ஐயோ, எப்படிக் காட்டியது! காக்காய் உட்கார்ந்தால் ஒருவர். காற்றில் மிதியடி ஆடினால் ஒருவர். முதல் வாரத்திலேயே ஆயிரம் தடவையாவது 'டிங்' அடித்திருக்கும். பிரவீனா பல்லைக் கடித்துக்கொண்டு, கோயமுத்தூர் இளவட்டங்கள் நாற்பதாயிரம் பேர் கூடும் 'கோவை கேட்ஜெட் கூட்டம்' என்ற இணையக் குழுவில் எழுதினாள்: 'ஆளே இல்லாமல் ஆள் நிற்கிறார் என்கிறது. என்ன செய்யலாம்?'

நாற்பதாயிரம் அறிவாளிகள். கிடைத்த பதில்களோ மூன்றே வகை. 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.' 'இந்த மாடலை ஏன் வாங்கினீங்க?' மூன்றாவது, ரோஸ்மில்க் ராஜா என்ற பெயரில் திரியும் ஒருவன் எழுதியது: 'சிங்கிளா சிஸ்டர்?'

இரண்டாவது வாரம், மதியம் ஒன்றே முக்கால் மணி. பெல் 'டிங்' என்றது. அதைத் தொடர்ந்து அம்மாவிடமிருந்து போன்.

"ஏங்கண்ணு, ஒரு அம்மணி வாசல்ல நிக்குறாங்களே, கதவத் தொறக்காம என்ன பண்ணீட்டிருக்கற?"

பிரவீனா ஆப்பைத் திறந்து பார்த்தாள். வெயிலில் காயும் படிகள். ஒரு ஜோடி செருப்பு. வேறொன்றும் இல்லை.

"யாருமே இல்லியேம்மா."

"அட, இல்லைங்கறா பாரு. பச்சச் சீல. தலை நெறய மரிக்கொழுந்து. கைல சோத்துத் தூக்குப்போசி. இந்தா, இப்பக் கூடக் கண்ண இடுக்கீட்டு உள்ள பாக்கறாங்க."

பிரவீனா இன்னொரு முறை பார்த்தாள். படிகள். செருப்பு.

அம்மாவின் குரலுக்குப் பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. "என்ன, கோளாறா?" கூடவே கார் சாவிக் கொத்து கலகலவென்றது.

அந்தச் சத்தம் இருக்கிறதே, எந்தப் பேயின் சலங்கையும் அவளை அப்படி நடுங்க வைத்திருக்காது. பெருந்துறை மாப்பிள்ளையின் முகம், மீசையோடு, கண்முன் வந்து நின்றது.

"ஓ... அவங்களா!" என்றாள் பிரவீனா அவசரமாக. "பக்கத்து ஊட்டு அக்காதாம்மா. பேரு... சென்னியம்மாள். நல்லவங்க. செல்போன் பாத்துட்டே இருந்தனா, கவனிக்கல."

பொய். நாக்கில் வந்த முதல் பெயர்.

சாந்தாமணிக்கு ஒரு பழக்கம். வாசலில் ஆளைப் பார்த்தால் 'வாங்க' என்று சொல்லாமல் இருக்க அவளால் முடியாது. சொல்லாவிட்டால் ஏழு தலைமுறைக்கும் மானம் போய்விடும் என்பது அவள் கணக்கு. மீட்டர் பார்க்க வருபவருக்கு வாங்க. ராங் நம்பருக்கு வாங்க. ஒருமுறை டிவியில் வணக்கம் சொன்ன செய்தி வாசிப்பவருக்கும் வாங்க சொல்லிவிட்டு, சொம்பில் தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள். பெல்லில் இங்கிருந்து பேசினால் அங்கே கேட்கும் என்று ஷாநவாஸ் சொல்லிக் கொடுத்தது அவளுக்கு மறக்கவில்லை.

மூடிய கதவுக்கு வெளியே, பெல்லின் ஒலிபெருக்கியில், அம்மாவின் குரல் கணீரென்று எழுந்தது.

"ஏனுங் சென்னியம்மாளுங், வெயில்ல ஏனுங் நிக்கறீங்க? வாங்க, வாங்க. புள்ள உள்ளதான் இருக்குது. உள்ள வாங்க!"

தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. கதவு திறக்கவில்லை.

ஜன்னல் திரை மட்டும், ஒருவர் ஒதுக்கிக்கொண்டு நடப்பதுபோல, ஒரு பக்கமாக விலகித் திரும்ப விழுந்தது.

கூடத்தில் மரிக்கொழுந்து மணத்தது.

அன்றோடு வாசலில் 'டிங்' நின்றுபோனது. காக்காய்க்கும் இல்லை, மிதியடிக்கும் இல்லை. வெளியே நிற்க ஆள் இல்லாததால் இருக்கும் என்று பிரவீனா நினைக்கவில்லை. ஆஃப் பண்ணி ஆன் பண்ணியதால் சரியாகிவிட்டது என்று நினைத்தாள்.

அதன்பின் கெட்டது எல்லாம் வீட்டுக்குள்தான். ஒன்றே முக்கால் ஆனால் வைஃபை சாகும். வாய்ஸ் அசிஸ்டென்ட், யாரும் கேட்காமலே, "சரிங்க" என்று சொல்லிவிட்டு ஃபேனை அணைக்கும். கம்பெனியின் உதவி மையத்துக்குப் போன் போட்டால் அங்கிருந்த ரோபோ, தமிழுக்கு எட்டை அழுத்தச் சொல்லும்; எட்டை அழுத்தினால் இந்தியில் பாடும். பிரவீனா நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டு, கடைசியில் அந்தப் பாட்டை மனப்பாடமாகப் பாடும் அளவுக்கு ஆகிவிட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அலுவலக வீடியோ கூட்டம். பின்னணியை மங்கலாக்கும் வசதியைப் போட்டுக்கொண்டுதான் அவள் எப்போதும் உட்காருவாள். துவைக்காத துணி மலையை உலகம் பார்க்க வேண்டாமே. பாதியில் கூட வேலை செய்யும் ரம்ஷாவிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது.

'பிரவீ, உன் பின்னாடி நிக்கறது யாருப்பா?'

பிரவீனா தன் சதுரத்தைப் பார்த்தாள். சுவர் மங்கல். பீரோ மங்கல். துணி மலை மங்கல். அவளது இடது தோளுக்குப் பின்னால் மட்டும், ஓர் ஆள் உயரத்துக்கு, மங்கவே இல்லை. அங்கே சுவரின் காரை விரிசல்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

மனித உருவத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை மங்கலாக்குவதுதான் அந்த மென்பொருளின் வேலை.

அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது.

குழுவில் எழுதினாள். 'லென்ஸைத் துடைங்க' என்று பதினேழு பேர் சொன்னார்கள். துடைத்தாள். துணி கிழியும்வரை துடைத்தாள். அந்த மங்காத இடம் அங்கேயே இருந்தது; துடைக்கத் துடைக்கக் கொஞ்சம் கிட்டே வந்தாற்போலவும் இருந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாதது மறுநாள் வந்த போன்.

"ஏங்கண்ணு, நேத்தைக்கு ரெண்டு நேரமும் பரோட்டாவாமா? துணி அஞ்சு நாளாப் பக்கெட்டுல ஊறிக் கெடக்குதாமா? பொழுது உச்சிக்கு வர்ற வரைக்கும் தூக்கமாமா?"

பக்கெட் குளியலறைக்குள் இருந்தது. கதவு சாத்திய குளியலறைக்குள்.

"யாரும்மா சொன்னது?"

"சென்னியம்மாதான். தெனமும் உச்சி சாஞ்சா, நீ காதுல ஹெட்போன மாட்டீட்டிருக்கறப்ப, பெல்லுக்கிட்ட வந்து, ஏனுங்கன்னு கூப்புடுவாங்க. நாங்க ஒரு மணி நேரம் பேசீட்டிருப்போம். தங்கமான மனுசி. அவங்க தொணைக்கு இருக்கறதுனாலதான் உங்கப்பா காரெடுக்காம இருக்கறாரு, தெரிஞ்சுக்க."

பிரவீனா போனை வைத்துவிட்டுக் கூடத்தின் நடுவில் நின்றாள். பேயென்றால் ஒரு மரியாதை வேண்டாமா? அலறட்டும். பாத்திரத்தை உருட்டட்டும். வேண்டுமானால் கழுத்தைக்கூட நெரிக்கட்டும். பெற்ற தாயிடம் கோள் சொல்வதா? அவிநாசியை விட்டு ஓடி வந்ததே யாரும் கணக்குக் கேட்காத இடம் வேண்டுமென்றுதானே!

"கோள் மூட்டறதுக்கு வேற ஊடே கெடைக்கலியா?" என்று வெறும் சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

சமையலறையில் ஒரு தட்டு, மெதுவாக, மிக மெதுவாக, இன்னொரு தட்டின் மேல் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

யாரோ பாத்திரம் கழுவிக் கவிழ்க்கிறார்கள்.

ஷாநவாஸுக்குப் போன் போட்டாள். அவன் கடையிலிருந்தே பெல்லின் பதிவுகளைத் திறந்து கேட்டான்.

"சிஸ்டர், உங்கம்மா பேசறது கேக்குது. அப்புறம் நிறுத்தறாங்க. அப்புறம் 'அப்படியாங்க'ன்னு சிரிக்கறாங்க. நடுவுல ஆள் குரலே இல்ல."

"அப்பாடா."

"வளையல் சத்தம் மட்டும் கேக்குது." அவன் குரல் தணிந்தது. "நான் மைக்க வெளிய பாத்துதானே சிஸ்டர் மாட்டுனேன்? இந்தச் சத்தம் கதவுக்கு உள்பக்கத்துலருந்து வருது."

"இப்ப என்ன பண்றது?"

"பேட்டரியக் கழட்டிப்போடுங்க. கழட்டீட்டு, பெல்லக் கடைக்குக் கொண்டு வந்துராதீங்க. அல்லாவுக்காக, நீங்களே வெச்சுக்குங்க."

செவ்வாய்க்கிழமை மாதாந்திர மின்தடை. காலை ஒன்பது முதல் மாலை நாலு வரை துடியலூர் முழுக்கக் கரண்ட் இல்லை. மேற்கே மலைப்பக்கமிருந்து கறுத்த மேகம் ஏறி வந்து, பட்டப்பகலிலேயே கூடம் குகைபோல இருண்டது. ஃபேன் சத்தமில்லை. ஃபிரிட்ஜ் சத்தமில்லை. வைஃபை பெட்டியில் ஒரு புள்ளி வெளிச்சமில்லை. இதைவிட நல்ல நேரம் வராது. சார்ஜ் போடக் கழற்றினேன் என்று அம்மாவிடம் சொல்லிக்கொள்ளலாம்.

ஒன்றரை மணிக்குப் பிரவீனா ஸ்க்ரூவைத் திருகிப் பெல்லைச் சுவரிலிருந்து கழற்றினாள். உள்ளே கொண்டுவந்து கதவைத் தாழிட்டாள். பேட்டரியைப் பிடுங்கிக் கைக்குள் வைத்து இறுக்கி மூடிக்கொண்டாள். செத்த பெல்லைப் பின்னால் இருந்த பீரோவின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஒன்றே முக்கால்.

மழை முதல் சொட்டுகளைத் தகரத்தில் போட்டது.

ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்று ஐம்பது. பிரவீனா பல நாள் கழித்துச் சிரித்தாள்.

போன் அடித்தது. அம்மா.

"என்னங்கண்ணு, பெல்ல உள்ள மாத்திட்டியா?"

"ஏம்மா?"

"வாசல் தெரியல. நீ நாற்காலில உக்காந்திருக்கறது தெரியுது. முதுகுப் பக்கமாத் தெரியுது."

உள்ளங்கையில் பேட்டரியின் விளிம்பு குத்தியது. இருக்கிறது. கைக்குள்தான் இருக்கிறது.

"அம்மா, இங்க கரண்டே இல்ல" என்றாள்.

"அது என்னமோ. பளிச்சுன்னு தெரியுது. ஆடுது கொஞ்சம். சென்னியம்மா கைல புடிச்சுட்டு நிக்கறாங்களாட்ட இருக்குது."

ஈர மண் வாசனை.

மரிக்கொழுந்து.

"அதென்ன கண்ணு தலை, விரிச்சுப்போட்டுட்டு? பொம்பளப் புள்ள இப்படியா உக்காருவா? ஏனுங் சென்னியம்மாளுங், கையோட அத கொஞ்சம் பின்னி உடுங்க."

பீரோவின் மேல் எதையோ வைக்கும் சத்தம்.

வளையல்கள் ஒருமுறை குலுங்கின.

பிடரியில் பத்து விரல்கள் பட்டன. தண்ணீர்த் தொட்டிக்குள் கிடந்தாற்போலக் குளிர்ந்த விரல்கள். அவை அவசரப்படவில்லை. சிக்கெடுத்தன. கூந்தலை அளந்து மூன்றாகப் பிரித்தன.

அலறல் தொண்டைவரை வந்துவிட்டது. அலறியிருந்தால் பெரியநாயக்கன்பாளையம் வரை கேட்டிருக்கும். ஆனால் போனுக்குள், அம்மாவுக்குப் பின்னால், "என்ன, கோளாறா?" என்றது அப்பாவின் குரல்.

சாவிக் கொத்து கலகலத்தது.

பிரவீனா அலறலை விழுங்கினாள். முள்ளு முள்ளாக இறங்கியது.

"ஒண்ணுமில்லப்பா" என்றாள். "அக்கா... தலை பின்னி உடறாங்க."

"பாத்தீங்களா" என்று சாந்தாமணி பூரித்துப்போனாள். "தனியா இருக்கறா, தனியா இருக்கறான்னீங்களே."

விரல்கள் பின்னின. ஒன்றின் மேல் ஒன்று, ஒன்றின் மேல் ஒன்று. பாதிப் பின்னல் முடிந்திருக்கும்.

'டிங்.'

பெல் மாட்டியிருந்த இடத்தில் இரண்டு ஸ்க்ரூ ஓட்டைகள்தான் இருந்தன. இருந்தும் பிரவீனாவின் போனில் எழுத்து ஒளிர்ந்தது: 'வாசலில் ஒருவர் நிற்கிறார்.'

"அட, சென்னியம்மா, உங்களத் தேடீட்டு யாரோ வந்திருக்கறாங்களாட்ட இருக்குது!" என்றாள் அம்மா. அப்புறம், பழக்கதோஷத்தில், வாய் நிறைய:

"வாங்க, வாங்க. ஏனுங் வெளிய நிக்கறீங்க? உள்ள வாங்க."

விரல்கள் பின்னலை அப்படியே விட்டன.

வெறுங்காலடிகள் கதவை நோக்கிப் போயின. தாழ்ப்பாள் விலகியது.