இங்கே அப்படி யாரும் இல்லை

புதன்கிழமை காலை லாசென் உஹத்து ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்து தூரியாவின் மேசை முன்னால் நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

ஸ்பானிய மாகாணமான அல்மெரியாவில், காய்கறி விளையும் பிளாஸ்டிக் கூடாரங்களுக்கு நடுவே இருக்கும் ஊர் அது. மஸ்ஜித் தெருவில் உள்ள காபிக் கடையின் பின்மூலையில் தொழிலாளர் சங்கம் ஒரு மேசை போட்டிருந்தது. அதில் உட்கார்ந்து மனு எழுதித் தருபவள் தூரியா. பதினைந்து வருடம் மிளகாய்க் கூடாரங்களில் குனிந்து வேலை செய்து இரண்டு முழங்காலும் போனவள். இப்போது மற்றவர்களின் காகிதங்களைப் படிப்பதுதான் வேலை. பக்கத்தில் எப்போதும் மாலிக் இருப்பான். செனகல்காரன், ஆள் ஏற்றும் வேன் ஓட்டுபவன். வேன் சும்மா நிற்கும் நேரமெல்லாம் தூரியாவுக்குத் துப்புச் சொல்ல வந்துவிடுவான்.

"என்னைக் கொன்னுட்டாங்க அக்கா" என்றான் லாசென்.

"நல்லாத்தானே நிக்கிற. உக்காரு."

"நகராட்சியில கொன்னுட்டாங்க. குடியிருப்புச் சான்று வாங்கப் போனேன். 'உன் பேரு பதிவேட்டுலயே இல்லை, நவம்பர்ல எடுத்தாச்சு'ங்கறா அந்தப் பொண்ணு. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு எனக்கு வெளிநாட்டவர் அலுவலகத்துல நேரம் குடுத்திருக்காங்க. அஞ்சு மாசம் காத்திருந்து கிடைச்ச நேரம்!"

தூரியாவுக்கு விளக்க வேண்டியதில்லை. காகிதமில்லாமல் வந்தவன் மூன்று வருடம் தொடர்ந்து இந்த நாட்டில் இருந்ததாகக் காட்ட வேண்டும். ஒரு வருட வேலை தருவதாக ஒரு முதலாளி கையெழுத்துப் போட வேண்டும். அப்போதுதான் இங்கே சட்டப்படி வாழ மனுப் போடலாம். மூன்று வருடத்துக்கு முதுகெலும்பு அந்தக் குடியிருப்புப் பதிவு. நடுவில் ஒரு எலும்பு உடைந்தால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

"ஏன் எடுத்தாங்களாம்?"

லாசென் ஒரு நகலை நீட்டினான். ஸ்பானியம் பேசுவான், படிக்க வராது. தூரியா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாலிக்குக்கும் கேட்கும்படி தாழ்ந்த குரலில் வாசித்தாள்.

"'நவம்பர் பன்னிரண்டு, செவ்வாய், காலை பதினொன்று இருபது. மேற்படி முகவரிக்குச் சரிபார்க்கச் சென்றேன். ஏறத்தாழ முப்பத்தைந்து வயது ஆண் ஒருவர் கதவைத் திறந்தார். லாசென் உஹத்து என்று யாரும் இங்கே இல்லை, எப்போதும் இருந்ததில்லை என்றார். தன் பெயரைச் சொல்ல மறுத்தார். மரியாதையாகவே பேசினார்; தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.'"

இதுவரை வாசித்தவள் நிறுத்தினாள். மீதி ஒரு வரியைக் கண்ணால் மட்டும் படித்தாள். பிறகு காகிதத்தைத் திருப்பி மாலிக்கின் பக்கம் நகர்த்தினாள். 'வலது கையில் கறுப்பு பிளாஸ்டிக் பை கட்டியிருந்தார். தோட்ட வேலையிலிருந்து நேராக வந்தவர் போலிருந்தது.'

மாலிக்கின் கண் விரிந்தது.

"திரிஸ்!" என்று லாசென் மேசையைத் தட்டினான். "அவன்தான். ஒரே பாய்ல படுத்துக்கிட்டு எனக்குக் குழி வெட்டியிருக்கான். எவாரிஸ்தோ முதலாளி பருவத்துக்கு ஒரே ஒரு ஆளுக்குத்தான் கையெழுத்துப் போடுவாரு. இந்த வருஷம் நான். நான் விழுந்தா அடுத்தது அவன்."

"டப்பாவைத் திற. ஒவ்வொண்ணா வை."

லாசென் மூன்று வருடத்தை மேசையில் பரப்பினான். பேருந்து அட்டை. ஸ்பானிய வகுப்பில் சேர்ந்த சீட்டு. விளக்கில்லாத சைக்கிளுக்குப் போலீஸ் எழுதிய தண்டனைச் சீட்டு. அதை மடிப்புக் கலையாமல் வைத்திருந்தான். காய்ச்சல் ஊசி போட்ட சீட்டு. நவம்பர் ஒன்பதாம் தேதி சுகாதார நிலையத்தில் கைக்குத் தையல் போட்ட சீட்டு. ஊரிலிருந்து மனைவி போட்ட கடிதத்தின் உறை.

"பொண்டாட்டியைப் பாத்து எத்தனை வருஷம்?"

"ஆறு வருஷம். பொண்ணு பொறந்ததை போன்ல பாத்தேன். காகிதம் வந்தாத்தான் போக முடியும். இல்லாம போனா திரும்பி வர முடியாது. எலிப்பொறிதான் அக்கா இது. உள்ளே இருந்தாலும் சாவு, வெளியே போனாலும் சாவு."

தூரியா ஒவ்வொரு சீட்டையும் தேதி வாரியாக அடுக்கினாள். ஒரு சீட்டை மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள்.

"சாயந்திரம் உன் வீட்டுக்கு வர்றேன். அதுவரைக்கும் யாரு சட்டையையும் பிடிக்காதே."

*

வீடு என்று சொன்னால் அது வீடு. தக்காளிக் கூடாரங்களுக்கு நடுவே பழைய பண்ணைக் கட்டடம். இரண்டு அறை, ஒரு சமையல் மூலை, பின்னால் தண்ணீர்த் தொட்டி. பூச்சிமருந்து வாசம் சுவரிலேயே ஊறியிருந்தது. மூன்று பேர் இருந்தார்கள். லாசென். கூடாரங்களுக்கு மருந்தடிக்கும் திரிஸ். தக்காளி அடுக்கும் கொட்டகையில் பகல் முறை வேலை செய்யும் எம்பாரெக், அதிகம் பேசாதவன்.

லாசென் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தேநீர் போட்டான். புதினாவைக் கசக்கிக் கெண்டியில் திணித்து, ஒரு முழம் உயரத்திலிருந்து கண்ணாடிக் குவளையில் நுரை எழும்ப ஊற்றினான். மாலிக் எழுந்து உதவப் போனான்.

"தொட்டுடாதே அண்ணே" என்றான் திரிஸ். "இந்த வீட்டுல அந்தக் கெண்டியை வேற எவன் தொட்டாலும் கொலை விழும். எங்களுக்கெல்லாம் சர்க்கரை அளவு தெரியாதாம், துரை சொல்றாரு."

"உனக்குத் தெரிஞ்சதெல்லாம் விஷம் கலக்கத்தான்" என்றான் லாசென்.

"வாயை மூடு. உன் பேரை அழிச்சு எனக்கு என்னடா ஆகப்போகுது? எனக்கு மூணு வருஷம் ஆக இன்னும் பதினாலு மாசம் இருக்கு. முதலாளி இன்னிக்கே கையெழுத்துப் போட்டாலும் அதை நாக்கு வழிக்கத்தான் வச்சுக்கணும்!"

"இங்கே யாராவது வந்து பேரு கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று தூரியா சாதாரணமாகக் கேட்டாள்.

எம்பாரெக் முதல் முறையாக வாய் திறந்தான். "கையில கோப்பு வச்சிருக்கானான்னு பாப்போம். வச்சிருந்தா, யாரு பேரைக் கேட்டாலும் இல்லைம்போம். இந்த வீட்டுல மட்டும் இல்ல, இந்தப் பாதையில இருக்கற எல்லா வீட்டுலயும் அதுதான்."

தூரியா தேநீரை முழுதாகக் குடித்தாள்.

வேனில் ஏறியதும் மாலிக் பொறுக்கவில்லை. "அக்கா, கையில பிளாஸ்டிக் பை! மருந்தடிக்கறவன்தான் கையுறை கிழிஞ்சா பையைக் கட்டிக்குவான். திரிஸேதான். இதுக்கு மேல என்ன வேணும்?"

"ரெண்டு கையிலயும் கட்டுவான். இவரு எழுதியிருக்கறது வலது கையில மட்டும். ஒத்தைக் கையில மருந்தடிக்கறவனைப் பாத்திருக்கியா?"

மாலிக் வேனைச் சாலைக்குத் திருப்பினான்.

"நாளைக்கு ரெண்டு வேலை செய்" என்றாள் தூரியா. "எவாரிஸ்தோ கூடாரத்துல மருந்தடிச்ச குறிப்பேடு இருக்கும். நவம்பர் பன்னிரண்டு என்ன எழுதியிருக்குன்னு பாரு. அப்புறம் கொட்டகையில எம்பாரெக்கோட வருகை அட்டை. சாயந்திரம் எல்லாரையும் அதே வீட்டுல இருக்கச் சொல்லு. வீட்டுக்காரன் ஹினேஸையும் சேத்து."

*

வியாழன் மாலை ஹினேஸ் உட்கார மறுத்துக் கதவோரம் நின்றான். கட்டடத்துக்கு நகராட்சி அனுமதி கிடையாது. அதனால் இங்கே வரும்போதெல்லாம் அவனும் திருடனைப் போலத்தான் வருவான்.

"நான் எதுக்கு? நான் யாரையும் அழிக்கலை."

"அழிக்கலைதான்" என்றாள் தூரியா. "நீங்க யாருக்காவது தேநீர் குடுத்ததா இந்த ஊர்ல எவனும் சாட்சி சொல்ல மாட்டான்."

திரிஸ் சிரித்துவிட்டான். ஹினேஸ் சிரிக்கவில்லை.

"மாலிக், நீ பாத்ததைச் சொல்லு."

மாலிக் தொண்டையைச் செருமிக்கொண்டான். இந்த நேரத்துக்காகத்தான் அவன் நாள் முழுதும் ஓடியிருந்தான். "பூவுல மகரந்தம் சேக்கற வண்டுங்க இருக்கற பெட்டியை எல்லாம் மருந்து படாம பதினொண்ணாம் தேதி சாயந்திரமே மூடியிருக்காங்க. பன்னிரண்டாம் தேதி காலைல ஏழுலேருந்து ஒரு மணி வரைக்கும் மூணு கூடாரத்துலயும் மருந்து. அடிச்சது திரிஸ். முதலாளி கூடவே நின்னு கையெழுத்துப் போட்டிருக்காரு. எம்பாரெக் அட்டையில காலை ஆறு அம்பது உள்ளே, மூணு மணிக்கு வெளியே."

"அப்ப ரெண்டு பேரும் இல்ல" என்றான் லாசென். அவன் குரலில் நிம்மதியை விட ஏமாற்றம் அதிகம் இருந்தது. "அப்ப யாரு?"

"முதல்ல எல்லாருக்கும் தேநீர் போடு. சொல்றேன்."

கெண்டி கொதித்தது. லாசென் புதினாவைக் கிள்ளிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு, அளந்து தட்டியது போல.

எம்பாரெக் செல்பேசியின் வெளிச்சத்தை அணைத்தான். ஹினேஸ், ஐம்பது வயது ஸ்பானியன், சொந்த வீட்டில் சமையல் மூலைத் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். கதவுக்குப் பக்கத்தில் இருந்தவன் லாசென். கையைத் துடைத்துக்கொண்டு அரைக்கதவு திறந்தான்.

வெளியே இளம் பெண் ஒருத்தி. கண்ணாடி, சாம்பல் நிறக் கோட்டு, நெஞ்சோடு அணைத்த நீலக் கோப்பு.

"வணக்கம். லாசென் உஹத்து இங்கே குடியிருக்கிறாரா?"

"இல்லைங்க" என்றான் லாசென். "அப்படி யாரும் இங்க இல்ல."

"முன்பு இருந்தாரா?"

"எப்பவும் இருந்ததில்லைங்க. தூரத்துலேருந்து வந்திருக்கீங்க போல. ஒரு வாய் தேநீர் குடிச்சிட்டுப் போங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவன் காதில் அது விழுந்தது. கதவைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"உள்ளே வா, நியெவெஸ்" என்றாள் தூரியா. "இவ நம்ம சங்கத்து வக்கீல்கிட்ட வேலை பாக்கற பொண்ணு. நான்தான் வரச் சொன்னேன்."

லாசென் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"வாய் தானா சொல்லிடுச்சு அக்கா."

"தெரியும். இந்த வருஷம் எத்தனை பேருகிட்ட சொன்னே?"

"நாலு... அஞ்சு... யாரு எண்ணினா? மீட்டர் பாக்கறவன்கிட்டகூடச் சொல்லியிருக்கேன்."

தூரியா டப்பாவிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தாள். "நவம்பர் ஒன்பது. கத்தரிக்கோல் பட்டு வலது உள்ளங்கையில அஞ்சு தையல். பத்து நாள் தண்ணி படக் கூடாது. தண்ணி படாம இருக்க என்ன பண்ணினே?"

"பையைக் கட்டிக்கிட்டேன்... குப்பைப் பை."

"கறுப்பு. அதனால வேலைக்கும் போகலை. வந்தவரு அதையும் எழுதி வச்சிருக்காரு. உனக்கு முன்னால அந்த வரியை நான் வாசிக்கலை. வாசிச்சிருந்தா அது நீதான்னு நம்பியிருக்க மாட்டே, மருந்தடிக்கறவன் கைன்னு நெனச்சிருப்பே. ராத்திரியே திரிஸ் மண்டையை உடைச்சிருப்பே. உன் வாயால நீ கேக்கணும்னு நெனச்சேன். இந்த வீட்டுல கெண்டியைத் தொடறவன் ஒருத்தன்தான். தேநீர் குடிங்கன்னு சொல்றவனும் அவன்தான்."

திரிஸ் வாயைத் திறந்தான். எல்லோரும் ஒரு வசவை எதிர்பார்த்தார்கள். அவன் அடுப்படிக்குப் போனான்; கொதித்து வழிந்த கெண்டியை இறக்கி, இந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் முறையாகத் தன் கையால் தேநீர் ஊற்றி லாசென் முன்னால் வைத்தான். சர்க்கரை அதிகம். லாசென் கடைசிச் சொட்டு வரை குடித்தான்.

"இப்ப என்ன பண்றது அக்கா?" என்று மாலிக் கேட்டான்.

"உன்னை அழிச்ச அதே காகிதந்தான் நீ இருந்தேங்கறதுக்குச் சாட்சி" என்று தூரியா லாசெனிடம் சொன்னாள். "அன்னிக்கு அந்த நேரத்துல அந்தக் கதவுல நின்னவன் கையில பை. ஆஸ்பத்திரிச் சீட்டுல உன் பேரு, அதே கை. ஆனா அதுக்கு நீ அவரு முன்னால போய் நின்னு, அன்னிக்குப் பொய் சொன்னது நான்தான்னு சொல்லணும்."

"அரசாங்கத்துக்கிட்டப் பொய் சொன்னேன்னா? பிடிச்சுப் போட்டுட்டா?"

"போடலாம். போடாமலும் விடலாம். உனக்கு இனிப்பாச் சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல. சொல்லலைன்னா இன்னொரு மூணு வருஷம். அது மட்டும் நிச்சயம்."

*

வெள்ளி காலை ஒன்பது மணிக்கு நகராட்சியில் அந்த மனிதர் வந்தார், அறிக்கை எழுதியவர். ஓய்வு பெறப்போகும் வயது, கையில் அதே மாதிரி கோப்பு. அதைக் கண்டதும் லாசெனின் உதடு தானாக அசைந்ததை மாலிக் பார்த்தான்.

"என்ன விஷயம்? யார் நீங்கள்?"

பதிலை லாசெனே சொல்லட்டும் என்று தூரியா விட்டிருந்தாள். லாசென் வலது கையைத் தூக்கி, உள்ளங்கை மேலே தெரியும்படி மேசையில் வைத்தான். தக்காளிக் கறை ஏறிய கையில் வெள்ளையாக ஒரு தழும்பு.

"நான்தான் லாசென் உஹத்து. அன்னிக்கு அப்படி யாரும் இல்லைன்னு சொன்னதும் நான்தான்."

அவர் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். அறிக்கையை எடுத்துத் தன் எழுத்தையே வாசித்தார்.

"அந்தத் தேநீரைக் குடித்திருக்க வேண்டும்" என்றார். "குடித்திருந்தால் இவ்வளவு வேலை இருந்திருக்காது."

பதிவை உடனே மீட்க முடியாது, ஒரு மாதம் ஆகும் என்றார். ஆனால் மேல்முறையீட்டைப் பெற்றதாக முத்திரை போட்டார். கீழே தன் கையால் இரண்டு வரி எழுதினார்: நவம்பர் பன்னிரண்டில் நான் கதவில் கண்ட மனிதர் இவரே. கையெழுத்து.

ஒரு மணிக்கு மாகாணத் தலைநகரில், வெளிநாட்டவர் அலுவலகத்தில், அந்தக் காகிதம் பிஸ்கட் டப்பாவின் மேலே இருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் அதை மூன்று முறை படித்தாள், உள்ளே எடுத்துப் போனாள், வெகு நேரம் வரவில்லை. வந்து முத்திரையைக் குத்தினாள். பரிசீலனைக்கு ஏற்கப்பட்டது, முடிவு மூன்று மாதத்தில். அது கிடைத்தது என்று ஆகாது. ஆனால் தள்ளவில்லை. லாசென் வேனில் வரும் வழியெல்லாம் அந்தத் துண்டுச் சீட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

திரிஸ் பாதையிலேயே காத்திருந்தான். சீட்டைப் பார்த்து லாசெனின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். பிறகு வேன் ஜன்னலுக்குள் தலையை நீட்டினான், சிரிப்பு போயிருந்தது.

"அக்கா, போன மாசம் நீலச் சட்டை போட்ட ஒருத்தன் வந்தான். கையில கோப்பு. என் பேரைத்தான் கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

"எல்லாரும் சொல்றதைத்தான் அக்கா."

மறுநாள் காலை காபிக் கடை திறக்கும் முன்பே தூரியாவின் மேசைக்காகப் பதினொரு பேர் வரிசையில் நின்றார்கள். யாருக்கும் மனு எழுத வேண்டியதில்லை. எல்லோருக்கும் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது.

"பாத்துச் சொல்லு அக்கா. நான் இன்னும் இருக்கேனா?"