இரண்டாவதாக எழுந்தவன்

பள்ளிக்கூடம் விட்டு அரை மணி ஆகியிருந்தது. வெளியே மழை... மறந்துபோன குடையை எடுக்க ஓட்டமும் நடையுமாக வகுப்புக்குள் நுழைந்தாள் டீச்சர்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சுவிட்சுப் பலகையைத் திருகிக்கொண்டிருந்த எலெக்ட்ரீஷியன், அவளைக் கண்டதும் விறைப்பாக எழுந்து நின்றான்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த நாட்டில் டீச்சர் வந்தால் யாரும் எழுவதில்லை. இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான்...

அந்தக் கண்கள்! பாதித் தூக்கத்தில் சிரிப்பது போல அந்தக் கண்கள்...

"ஒட்டடைக்குச்சி!" வாய் முந்திக்கொண்டது.

"டீச்சரம்மா இப்படியா பட்டப்பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க?" என்று சிரித்தான். "ரெட்டைச் சடை எங்க போச்சு?"

பதினான்கு வருஷம்! அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. விமானத்தை விட்டு இறங்கி நாலாம் நாள். இதே வகுப்பு. அண்ணனுடைய தொளதொளத்த கம்பளிச் சட்டை, இறுக்கிப் பின்னிய ரெட்டைச் சடை. மணி அடித்தது, கணக்கு வாத்தியார் வந்தார். பழக்கதோஷம்... எழுந்து நின்று கணீரென்று வணக்கம் சொன்னாள். அவள் மட்டும்!

வகுப்பே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. உட்காரச் சொல்ல வேண்டும் என்று அந்த வாத்தியாருக்குத் தெரியவில்லை. சொல்லாமல் உட்கார அவளுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் கடைசி பெஞ்சில் ஒரு நெட்டையன் எழுந்து நின்றான். சிரிப்பு இரட்டிப்பானது.

வருகைப் பதிவில் பேரைக் கேட்டதுமே அவன் தமிழ்ப் பையன் என்று தெரிந்துவிட்டது. இடைவேளையில் பிடித்துக்கொண்டாள். "ஊரே சிரிக்குது, நீயுமா கிண்டல் பண்ணணும்? இனிமே என் கண்ணுல படாத, ஒட்டடைக்குச்சி!"

அதன்பிறகு அவன் அவள் பக்கமே வரவில்லை. வருஷக் கடைசியில் அவன் குடும்பமே வேறு ஊருக்குப் போய்விட்டது.

"இப்பவும் கிண்டல்தானா?" என்றாள் இன்று.

"எப்பவுமே கிண்டல் இல்ல." அவன் திருகாணியை இறுக்கினான். "உனக்கு ரெண்டு மாசம் முன்னாடி இதே வகுப்புல நானும் அப்படி நின்னவன். எனக்குத் துணைக்கு யாரும் எந்திரிக்கல. காது ரெண்டும் எப்படி எரியும்னு தெரியும்... அதான் எந்திரிச்சேன்."

"அன்னைக்கே சொல்றதுக்கு என்னவாம்?"

"எங்க சொல்ல விட்ட? பட்டாசு மாதிரி வெடிச்ச. எனக்கும் வீம்பு... அவளா புரிஞ்சுக்கட்டும்னு இருந்தேன். லாரியில சாமான் ஏத்துறப்பகூட தெருமுனையையே பாத்துக்கிட்டு நின்னேன்."

மழை ஜன்னலில் வழிந்தது. பையில் சாமான்களை அடுக்கியபடி, தலை நிமிராமல் கேட்டான்.

"கல்யாணம்...?"

"அம்மா கேட்டுக் கேட்டு ஓஞ்சுட்டாங்க. உங்க வீட்ல?"

"எங்கம்மா இன்னும் ஓயல."

ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டான். "வேலை முடிஞ்சது. வரட்டுமா டீச்சர்?"

தலையை மட்டும் ஆட்டினாள். மன்னிப்பு தொண்டை வரை வந்து நின்றது. வெளியே வந்தால்தானே! பாழாய்ப்போன வீம்பு...

மாடிப்படியில் ஏணி இடித்து இடித்து இறங்கியது. போகிறான்... இப்போது விட்டால் போனவன் போனவன்தான். பொத்தென்று அந்தக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். கையில் ஏதோ தட்டுப்பட்டது. அவன் கரண்ட் பார்க்கிற டெஸ்டர்.

படியில் மறுபடி காலடிச் சத்தம். வாசலில் நனைந்த தலை.

"டெஸ்டரை விட்டுட்டேன்..."

அவள் எழுந்து நின்றாள். நேராக, அந்தப் பதினைந்து வயதுப் பெண் போலவே.

"எதுக்கு எந்திரிக்கற? நான் என்ன வாத்தியாரா?"

"அன்னைக்கு எனக்காக நின்ன... நான்தான் புரிஞ்சுக்கல. மன்னிச்சிரு." கிட்டே வந்தவனிடம் டெஸ்டரை நீட்டினாள். "இனிமே உன்னை எங்கயும் தனியா நிக்க விடமாட்டேன்... உனக்குச் சம்மதமா?"

அவன் கண்களில் இருந்த தூக்கம் எங்கோ போயிருந்தது.

"டெஸ்டரை வேணும்னேதான் விட்டுட்டுப் போனேன். உன் வீம்புக்கு இது பத்துமா, ஏணியையும் விட்டுட்டுப் போகணுமான்னு ஒரே யோசனை..."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. பெஞ்சுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தன்... நின்றுகொண்டே இருந்தார்கள்.

"சரி, இப்ப நம்மள யாரு உக்காரச் சொல்றது?" என்றான்.

"நில்லு..." என்றாள். "நான் இன்னும் பாத்து முடிக்கல."